நீல டப்பில் பத்து மீன்கள்

துணி அலசும் நீல பிளாஸ்டிக் டப் அது. விளிம்பில் விரிசல் விட்ட இடத்தைக் கம்பி போட்டுத் தைத்திருந்தார்கள். அதில் பத்து ரோகு மீன்கள் வயிறு மேலாக மிதந்த காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

டப் குட்டைக்கார அக்காவுடையது. குன்னம் பக்கம் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்த்தவர். கணவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியதால் குட்டை முழுக்க அக்காவின் பொறுப்பு. முந்தைய மார்கழிக் குளிரில் மீன்களுக்குச் சிவப்புப் புண் வந்து பாதிக்கு மேல் செத்துப்போயின. இந்த வருஷமும் அப்படி ஆனால் குட்டையை மூடிவிட்டுச் சோளம் போடுவது என்று அவர் மாமியார் முடிவே கட்டிவிட்டார். மீன் வளர்ப்போருக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் அப்போது புதிது. தீனியில் துளித்துளியாகக் கிராம்புத் தைலம் சேர்த்தால் நோயைத் தாங்கும் தெம்பு மீனுக்குக் கூடலாம் என்று படித்திருந்தேன். ஒரு புட்டியோடு போய் நின்றேன்.

“இதப் பஞ்சுல நனச்சுப் பல்லுல வப்போம். மீனுக்கு என்ன, சொத்தப் பல்லா?” என்றார் மாமியார்.

அக்கா சிரிக்கவில்லை. “குட்டையில அப்பறம் போடலாம் சார். மொதல்ல பத்து மீன டப்புல வுட்டுப் பாப்போம்.”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டு மனுவிலிருந்து தங்கையின் காய்ச்சல் மாத்திரை வரை என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. “படிச்சவன் சொல்றான்ல” என்று அப்பா முடித்துவிடுவார். நான் தவறாகச் சொன்னாலும் அதைத் தவறென்று காட்ட வீட்டில் ஆள் இல்லை. அப்படியே பழகிவிட்டவனுக்கு, முதல் தடவையாக ஒருவர் சோதித்துப் பார்க்கிறேன் என்றது அவமானமாகத்தான் இருந்தது.

அந்த வீறாப்பிலேயே தப்புச் செய்தேன். பாதி தைலம் தண்ணீரில் போய்விடுமே என்று, குறித்து வைத்த அளவை விட்டுவிட்டுப் பல மடங்கு தீனியில் ஊற்றிப் பிசைந்தேன். காயவும் விடாமல் டப்பில் அள்ளிப் போட்டேன். தண்ணீரின் மேல் படலம் பரவியது. சற்று நேரத்தில் மீன்கள் தள்ளாடி, ஒவ்வொன்றாகப் புரண்டன.

“ஆச்சு. மம்பட்டிய எடு, குட்டைய மூடிரலாம்,” என்றார் மாமியார்.

அக்கா என்னையே பார்த்தார். தண்ணீர் சரியில்லை என்று சாக்குச் சொல்ல வாய்வரை வந்தது. “தப்பு என்னுதுதாங்கக்கா. அளவுக்கு மேல ஊத்திட்டேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் மூளை வேலை செய்தது. கிராம்புத் தைலம் மிஞ்சினால் மீனை மயக்கும் என்பதும் நான் படித்ததுதான். “செவுளு அசையுதுக்கா! நல்ல தண்ணி வேணும்!”

டப்பைச் சாய்த்துக் குடம் குடமாகக் குட்டைத் தண்ணீரை ஊற்றினோம். ஒவ்வொரு மீனையும் கையில் பிடித்துத் தண்ணீருக்குள் மெல்ல நகர்த்தினோம். முதல் மீன் வாலை உதறியதில் மாமியார் முகமெல்லாம் தண்ணீர். “அட எழவே, உசுரோடதான் இருக்கு!” என்று சிரித்துவிட்டார். ஒன்பது எழுந்தன. எழாத ஒன்றை அக்கா வரப்போரம் புதைத்தார்.

இனி என்னை வர வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். கை கழுவிக்கொண்டே அக்கா சொன்னார்: “நாளைக்கு அளவு பாத்து எடுத்துட்டு வாங்க சார். இன்னொரு பத்து புடிச்சு வைக்கிறேன்.”

மறுநாள் அளந்த தைலத்தைக் கஞ்சித் தண்ணீரில் கலந்து தீனியில் பூசி, நிழலில் உலர்த்திப் போட்டோம். மீன்கள் தின்றுவிட்டுச் சுறுசுறுப்பாகத் திரிந்தன. சில நாள் பார்த்த பிறகே அந்தத் தீனி குட்டைக்குப் போனது. குளிருக்கு முன் குட்டைத் தண்ணீரைச் சுத்தமாக்கச் சுண்ணாம்பும் போட்டோம். அந்த மார்கழியில் புண் கண்டவை கொஞ்சம்தான், குட்டை பிழைத்தது. தைலத்தாலா, சுண்ணாம்பாலா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அக்காவிடம் அப்படியே சொன்னேன். “தெரியலன்னு சொல்ற சார இப்பத்தான் பாக்குறேன்,” என்றார்.

இப்போது வீட்டிலும் அப்பா எதையாவது கேட்டால், “விசாரிச்சுட்டுச் சொல்றேம்ப்பா” என்கிறேன்.

போன வாரம் ஓம எண்ணெய் கலந்த புதுத் தீனியோடு போயிருந்தேன். டப்பின் விளிம்பில் இரண்டாவதாக ஒரு தையல் விழுந்திருந்தது. நான் பையைத் திறப்பதற்குள், குட்டையோரம் முழங்கால் தண்ணீரில் நின்ற மாமியார் கூவினார்: “சார் வந்துட்டாரு, டப்ப எடு!”

பத்து மீன்கள் நீல டப்பில் வட்டமடித்தன. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.