பெடலில் இருந்த கால்

தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் முப்பது வருடங்கள் இயந்திரங்களைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கராஜ்காரர்களுக்கே பாடம் எடுப்பேன். ஆகவே எங்கள் பழைய ஜீப்பின் முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க் பிரேக்கை நானே பூட்டினேன். மறுநாள் நிறைமாத மகளை ஏற்றிக்கொண்டு இறம்பொடை மலைப்பாதை வளைவுகளில் கண்டி ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும்.

கடைசி வேலை, பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுப்பது. மனைவி பெடலை அழுத்த, நான் சக்கரத்தடியில் படுத்துக் காற்று வெளியேறும் திருகைத் திறந்து மூடினேன். பிற்பகலிலேயே மூடுபனி வாசலுக்கு வந்துவிட்டது.

“பெடல் அடிவரைக்கும் போகுதுங்க,” என்றாள்.

“ஒனக்கு பிரேக்கப் பத்தி என்னா தெரியும்? போயி அடுப்பப் பாரு!”

சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். “அமத்து” என்றதும் பெடல் இறங்கியது. “விடு” என்றதும் ஏறியது. குமிழி இல்லாமல் எண்ணெய் வந்தது. எனக்குத் திருப்தி.

“அடிவரைக்கும் போகுதுங்க.” அதே சொல், மிக மெதுவாக.

திட்டுவதற்காகத் தலையை நீட்டினேன். மனைவி வீட்டுப் படியில் தேநீரோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“யாருகூடங்க பேசுறீங்க? நீங்க சொன்னதுமே நான் உள்ள போயிட்டேனே.”

எழுந்து ஜீப்புக்குள் பார்த்தேன். இருக்கையில் யாரும் இல்லை. அடியில் அமுங்கியிருந்த பெடல், நான் பார்க்கப் பார்க்க மெல்ல மேலே வந்தது.

மறுபடி சக்கரத்தடியில் படுத்துச் சோதித்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கெலிப்பர்களை இடது வலதாக மாற்றிப் பூட்டியிருந்தேன். திருகு கீழ்ப்பக்கம் வந்துவிட்டதால் காற்று மேலேயே தங்கியிருந்தது. முதல் இறக்கத்திலேயே பிரேக் கைவிட்டிருக்கும்.

மனைவியிடம் தவறைச் சொன்னேன், குரலைச் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்பதல்ல காரணம். அவள் சொன்னபோது நம்பாதவன், வெறும் இருக்கை சொன்னபோது நம்பினேன் என்பதை எப்படிச் சொல்வது?