நூற்றுப் பதிமூன்றாவது கவர்

ஒருவருக்கு இன்றைக்கே செய்யக்கூடிய உதவியை, நாளை ஆயிரம் பேருக்குச் செய்ய வேண்டும் என்பதற்காக நிறுத்திவைக்கலாமா? புத்தகத்தில் படிக்கும்போது இந்தக் கேள்வி சுகமாக இருக்கும். இரண்டு பக்கமும் வாதங்களை அடுக்கிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துத் தூங்கிவிடலாம். கவர் அக்காவுக்கு அந்த வசதி இல்லை. அந்த 'ஒருவர்' தினமும் அவருடைய மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

கவர் அக்கா என்பது வேலை கொடுத்த பெயர். மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் பதினோரு வருடம் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர், நாற்பத்திரண்டாம் வயதில் அங்கேயே நடந்த ஓர் ஆராய்ச்சியில் களப்பணியாளராகச் சேர்ந்தார். அந்த ஆராய்ச்சி தேடியது ஒன்றைத்தான். மனச்சோர்வுக்கு மருந்தும் இருக்கிறது, மருத்துவரும் இருக்கிறார். ஆனாலும் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாம் முறைக்கு மேல் வருவதில்லை. இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலி போகும். வசதியுள்ளவர்கள் குணமாகிறார்கள். மற்றவர்கள் பதிவேட்டில் 'வரவில்லை' ஆகிறார்கள். அவர்கள் வராவிட்டால் சிகிச்சை அவர்களைத் தேடிப் போனால் என்ன? அந்தந்தத் தெருப் பெண்களிலேயே சிலருக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு முறை நோயாளியின் வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசச் செய்தார்கள். அவர்களுக்குப் பேச்சுத்துணை என்று பெயர்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா என்று அறிய, பாதிப் பேருக்குப் பேச்சுத்துணை, பாதிப் பேருக்கு வழக்கம்போல மருத்துவமனை என்று பிரித்தார்கள். யாருக்கு எது என்பதை எந்த மனிதரும் தீர்மானிக்கக் கூடாது. மனிதர்கள் தீர்மானித்தால் தங்களுக்குப் பிடித்தவர்களையோ பாவப்பட்டவர்களையோ ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவார்கள். பிறகு எதனால் எது நடந்தது என்றே சொல்ல முடியாது. ஆகவே தலைமை அலுவலகத்தில் குலுக்கல் போட்டு, முடிவைக் கறுப்புத் தாளில் சுற்றி, எண் எழுதிய கவரில் வைத்து ஒட்டி அனுப்பினார்கள். வருகிற வரிசைப்படி ஆளுக்கு ஒரு கவர். எதிரில் இருப்பவர் பார்க்கும்படி பிரித்து வாசிப்பது அக்காவின் வேலை. அவருடைய பெட்டியில் நூற்று எண்பது கவர்கள் இருந்தன; ஆராய்ச்சி முடியும்வரை அவர் பிரித்தது நூற்று எழுபத்தொன்று.

அவர் ஓரிடத்தில் உட்காராத பெண். சாப்பிடுவது சமையல் மேடையருகே நின்றபடி. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் எழுந்து கதவருகே போய்விடுவார். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "நான் ரிப்பேர் பண்ற லிஃப்ட்டே ஏதாவது ஒரு மாடியில நிக்குது. இவ நிக்க மாட்டேங்குறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று பிறந்த வீட்டிலும் பேர். அதே வீட்டில் ஓர் அண்ணனும் இருந்தார். அவருடைய மருத்துவமனைச் சீட்டில் நான்கு முறை 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. அதை எழுதியது தங்கையின் கைதான். அதுதான் அப்போது அவருக்கு உத்தியோகம். ஐந்தாவது முறை எழுதுவதற்குள் அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விட்டார், திரும்பவில்லை. அக்கா பின்னால் செய்ததற்கெல்லாம் இதைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. இவ்வளவு எளிதாகக் கையில் கிடைக்கிற விளக்கத்தை அந்த எளிமைக்காகவே கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்ப்பது நல்லது.

நான்காவது மாதத்தில் கட்டைவிரல் ஒன்றைக் கண்டுபிடித்தது.

தலைமை அலுவலகத்தில் கவர் ஒட்டியவர் யாரோ ஒழுங்கில் நம்பிக்கையுள்ளவர். பேச்சுத்துணை என்ற முடிவோடு சந்திப்பு அட்டவணைத் தாள் ஒன்றும் இருந்தது. இரண்டு தாளும் பிரிந்துவிடக் கூடாது என்று அவர் ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார். மற்றக் கவர்களில் எடை ஒத்துப்போக வெற்றுத்தாள் ஒன்றை வைத்தார். அதற்கு எதற்குப் பின் என்று விட்டுவிட்டார். வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கீழ்மூலையைக் கட்டைவிரலால் வருடினால் எறும்பு அளவுக்கு ஒரு மேடு தட்டுப்படும். தட்டுப்பட்டால் பேச்சுத்துணை.

அன்றே மேலே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு எல்லாக் கவரையும் மறுபடி ஒட்டுவார்கள். காத்திருக்கிறவர்கள் இன்னும் இரண்டு மாதம் காத்திருப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார். அதன்பின் தெரியாமல் இருக்க முயன்றார். கவரை ஓரத்தில் இரண்டு விரலால் மட்டும் பிடித்தார். விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார். எதிரில் இருப்பவரையே எடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாகப் பூனை நினைத்துக்கொள்ளலாம்; கட்டைவிரலுக்கு மூடிக்கொள்ள இமை இல்லை. தெரிந்துகொள்வதற்கு ஒரு கணம் போதும், தெரிந்ததைத் தெரியாததாக்க ஓர் ஆயுளும் போதாது. வீட்டில் கணவர் கொடுக்கிற பேப்பரின் மூலையைக்கூடத் தடவிக்கொண்டிருந்தார். "அதுல என்ன தேடுற? எல்லாம் முதல் பக்கத்துலயே போட்டிருக்கான்" என்றார் அவர்.

மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை இருவர் வந்தார்கள். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். மகள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே போன் பேசிக்கொண்டிருந்தாள். டீச்சர் நல்ல புடவை கட்டியிருந்தார், குடையை மடித்துத் தண்ணீர் சொட்டாதபடி பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார். ஐந்து நிமிடம் கழித்து வந்தவர் பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர். பாதங்கள் ஊறி வெளுத்திருந்தன. தூங்கி நாற்பது நாளாகிறது என்றார். வரிசைப்படி டீச்சருக்கு நூற்றுப் பதிமூன்று, டிப்போக்காரருக்கு நூற்றுப் பதினான்கு. பதிமூன்றில் எறும்பு இருந்தது. பதினான்கில் இல்லை.

அக்கா எந்தக் கவரையும் மாற்றவில்லை. பெட்டியிலிருந்த வரிசை அப்படியே இருந்தது. டிப்போக்காரரைப் பார்த்து, "உங்களுக்கு வேலைக்கு நேரமாகுதில்லையா? நீங்க முதல்ல வாங்க" என்றார், அவ்வளவுதான்.

டீச்சர் சிரித்துக்கொண்டே நகர்ந்து வழிவிட்டார். "அவர் போகட்டும்மா. எனக்கென்ன அவசரம், வெட்டியாத்தானே இருக்கேன்."

டிப்போக்காரருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. அவருக்கு வந்த அம்மாள் முன்பு தையல் வேலை பார்த்தவர். நிறையப் பேசமாட்டார், நிறையக் கேட்பார். மூன்றாம் மாதம், எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்கும் கேள்வித்தாளோடு அக்கா போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவா என்று அவர் மனைவி கேட்டாள். அக்கா பதறிப்போய் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, மறுநாள் மறுபடி இரண்டு பஸ் பிடித்து வந்தார். ஆறாம் மாதம் அவரே வாசலில் காத்திருந்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு அவர் ஒன்று கேட்டார்.

"இந்த ஆராய்ச்சி முடிஞ்சதும் அந்தம்மா வரமாட்டாங்களா, அக்கா?"

"முடிவு நல்லா வந்தா சுகாதாரத் துறையே எல்லாத் தெருவுக்கும் அனுப்பும்னு சொல்லியிருக்காங்க."

"நல்லா வரும். நான் வேணா நல்லாயிட்டேன்னு இன்னும் ரெண்டு தடவ எழுதிக்கங்க."

டீச்சரின் வீட்டுக்கு அதே வாரம் போனார். அம்மா வெளியே போயிருக்கிறார் என்றாள் மகள். உள்ளறையிலிருந்து இருமல் கேட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டாள். பகல் பதினோரு மணிக்குத் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்த அறை. சுவரில் ஓர் உலக வரைபடம், அதன்மேல் தூசி. புடவை அதே நல்ல புடவை; பல நாளாக அதுதான் போலிருந்தது. மருத்துவமனைக்கு இரண்டே முறைதான் போனாராம். ஏன் என்று அக்கா கேட்டார்.

"அந்த பெஞ்சில எங்கிட்டப் படிச்சவங்க நாலு பேரு உக்காந்திருந்தாங்க. 'டீச்சர், நீங்களா'ன்னு எழுந்து நின்னாங்கம்மா. அதுக்கப்புறம் எப்படிப் போறது?"

வசதி என்று அக்கா எடை போட்டது காரையும் குடையையும்தான். பஸ் செலவு இல்லாதவரையும் வெட்கம் வரவிடாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்பது கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்பதாவது, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பது. "தோணுது" என்றார் டீச்சர், மார்க் படிப்பதுபோல. அப்படிப் பதில் வந்தால் அன்றே மேலே சொல்ல வேண்டும் என்பது விதி. அக்கா அங்கிருந்தே பெரிய டாக்டருக்கு போன் செய்தார். ஆராய்ச்சிக்குத் தலைமை அந்த அம்மையார்தான். மருத்துவமனை வண்டி வரும்வரை அக்கா கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். நடை ஓயாததைப் பார்த்து டீச்சரே பேச்சுக் கொடுத்தார்.

"அன்னிக்கு ஒருத்தர முதல்ல அனுப்பினோமே, மழையில நனைஞ்சு வந்தவர். அவர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார், டீச்சர்."

"அப்ப சரி" என்றார் டீச்சர். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சர் பிழைத்தார். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு மகளோடு வீடு திரும்பினார், மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் அக்காவின் நடை குறையவில்லை. கணவரிடம் ஒரு நாள் நடந்ததைச் சொன்னார்; அந்த ஒன்றைத் தவிர வேறெந்தக் கவரிலும் வரிசையை மாற்றியதில்லை என்றும் சொன்னார். அவர் ஸ்பானரைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, ஒருவர் தூங்குகிறார், இன்னொருவர் உயிரோடு இருக்கிறார், இதில் உனக்கு என்ன குடைச்சல் என்றார். அக்கா அன்று அலமாரியை இரண்டு முறை காலி செய்து மறுபடி அடுக்கினார்.

ஆராய்ச்சி முடிந்தது. கணக்குப் பார்த்த புள்ளியியல்காரரை அலுவலகத்தில் 'சதவீதம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தேநீர் நன்றாயிருக்கிறதா என்று கேட்டாலும் எண்ணில் பதில் சொல்கிறவர். அவர் எல்லோரையும் உட்காரவைத்து முடிவைச் சொன்னார். எல்லாக் களப்பணியாளர்களிடமும் வந்த அறுநூற்று நாற்பது பேரில், பேச்சுத்துணை கிடைத்தவர்கள் தெளிவாகவே அதிகம் தேறியிருந்தார்கள். மிக ஏழைகளிடம் வித்தியாசம் இன்னும் பெரிது. அடுத்த வருடத்திலிருந்து எல்லாக் குடியிருப்புகளுக்கும் விரிக்கச் சுகாதாரத் துறை தயார். கைதட்டினார்கள். அக்கா கதவருகே நின்றிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பெரிய டாக்டரின் அறைக்குள் போய்ச் சொன்னார். டாக்டர் முதலில் நம்பவில்லை. பிரிக்கப்படாமல் மிஞ்சிய கவர் ஒன்றை அக்கா மேஜைமேல் வைத்து, கீழ்மூலையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். டாக்டர் தடவினார். இன்னொரு முறையும் தடவிவிட்டுச் சதவீதத்தைக் கூப்பிட்டார்.

சதவீதம் கணினியில் அந்த இரண்டு எண்களையும் நீக்கிப் பார்த்தார். "ஒரு மயிரிழைகூட அசையலை."

"இந்த ரெண்டு மட்டும்தானா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா டாக்டர். இது மட்டும்தான்."

சதவீதம் சும்மா இருக்க மாட்டாமல், அக்காவின் நூற்று எழுபத்தொன்றையும் நீக்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். திரையைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார். வித்தியாசம் இருக்கும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். சுகாதாரத் துறை ஒத்துக்கொள்ளாது, மறுபடி முதலிலிருந்து நடத்தச் சொல்லும். மூன்று வருடம். அதுவரை எந்தத் தெருவுக்கும் யாரும் போக மாட்டார்கள்.

டாக்டர் கெட்டிக்காரர், கெட்டவரல்லர். ஒரு வழி சொன்னார். "அந்த ரெண்டு பேர மட்டும் எடுத்துடலாம். ஸ்டேப்ளர் பின் விஷயத்தையும் நீங்க செஞ்சதையும் மறைக்காம அறிக்கையில எழுதிடலாம். அது நேர்மைதாம்மா. மத்தது எதையும் தொடலன்னு நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன்."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என்னோடது எல்லாத்தையும் எடுத்துடுங்க, டாக்டர்."

"வேற எதையும் மாத்தலன்னுதானே சொன்னீங்க?"

"மாத்தல."

"அப்புறம் எதுக்கு?"

"மாத்தலங்கிறதுக்கு என் வார்த்தையத் தவிர வேற சாட்சி இல்லையே, டாக்டர்."

அவர் மேஜைமேலிருந்த தாளொன்றை எடுத்து, நீக்க வேண்டிய எண்களை ஒன்றிலிருந்து எழுத ஆரம்பித்தார். சதவீதம் இரண்டு முறை எழுந்துபோய் வந்தார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நூற்றுப் பதிமூன்றையும் பதினான்கையும் அவற்றுக்குரிய இடத்தில், மற்ற எண்களைப் போலவே எழுதி, நூற்று எழுபத்தொன்றில் முடித்து, கீழே கையெழுத்துப் போட்டார்.