வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

நார்வேக்கு வந்த முதல் வசந்தத்தில் எங்கள் தபால்பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. சனிக்கிழமை ‘டுக்னாட்’, எல்லோரும் வரவேண்டும். தெருவே கூடி வேலை செய்யும் நாள் அது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பக்கத்து வீட்டு இங்கரிடம் போய், “எனக்குப் பதிலாகக் கூலிக்கு ஓர் ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆள் வேண்டாம், முடியும்போது நீயே வா என்றாள். மாலையில் திரும்பி வந்தபோது, காலையில் எனக்கு உத்தரவு போட்ட டாக்டர் தெருவோரத்தில் அழுகிய சருகை வாரிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உங்கள் ஊரில் இதற்கெல்லாம் வசதி இருக்காது, இல்லையா?” என்று இங்கர் பரிவோடு கேட்டாள். வசதிக்குக் குறைவில்லை என்று தெரிந்தும் ஆமாம் என்று தலையாட்டினேன். நான் சொன்ன பொய்களில் இன்றும் உறுத்துவது அதுதான்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருந்த பெரிய தெரு, தார் ரோடு, கோயில். அந்தப் பக்கம் எங்கள் வயல்களில் நடவு நடுகிறவர்களின் தெரு. இடையில் மூன்று பனைமரத் துண்டுகள்தான் பாலம். அதுவும் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. அந்தத் தெருவில்தான் என்னோடு பள்ளியில் படித்த வளர்மதி இருக்கிறாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். போன ஐப்பசி மழையில் அவள் போன் செய்தாள். “மருமகளுக்கு வலி வந்துடுச்சுடி. ஆம்புலன்ஸ் நேரத்துக்குத்தான் வந்துச்சு. உங்க கரையிலயே நின்னுடுச்சு. கட்டில்ல வச்சுத் தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில எறங்குனோம். தஞ்சாவூர் போறதுக்குள்ள புள்ள போயிடுச்சு.” அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ மனு கொடுத்திருந்தாள். வாய்க்கால் எங்களுடையது, பாலம் எங்களுடையதல்ல என்றது ஓர் அலுவலகம். அந்தப் பாதையே எங்கள் பதிவேட்டில் இல்லை என்றது இன்னொன்று. வண்டி குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்று எழுதி முடித்தது மூன்றாவது. எல்லாருடைய காகிதமும் சரியாக இருந்தது. குழந்தைதான் இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் வற்றிய பிறகு, மாசியில் ஊருக்குப் போனேன். என் தம்பி குமார்தான் கோயில் கமிட்டித் தலைவர். அதற்கு முந்தைய வருடக் கும்பாபிஷேகத்துக்கு ரைஸ்மில்காரர் இரும்பு கொடுத்தார், ஓய்வுபெற்ற இன்ஜினியர் வரைபடம் போட்டார், கல்லூரிப் பிள்ளைகள் கல் சுமந்தார்கள், மின்வாரிய ஆட்கள் லீவு நாளில் வந்து கம்பி இழுத்தார்கள். அதே ஆட்களை வைத்து ஒரு பாலம் போடலாமே என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டேன்.

“அது சாமி காரியம்க்கா. இது கவர்மெண்ட் செய்ய வேண்டியது” என்றான் குமார்.

“அந்தப் பக்கத்துக்குத்தானே?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“அவங்க நம்ம வயலுக்கு வர்றதுக்கு வழி வேணும், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு வேண்டாமா?” என்று கத்தினேன். கத்திய எனக்கும் யோக்கியதை இல்லை. பத்து வருடம் கூடப் படித்தவளின் வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

வளர்மதி கூட்டத்தை நம்பியிருக்கவில்லை. மறுநாளே இன்ஜினியர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் டேப்போடு வந்து அளந்துவிட்டு, “மில்லுல பழைய இரும்பு கெடக்கு, நான் கேக்குறேன். ஆனா ஆபீஸ் அனுமதி வேணும்மா” என்றார். அனுமதி கேட்கப் போனபோது முருகேசனையும் அழைத்துக்கொண்டு போனாள். அன்று மழையில் அந்த ஆம்புலன்ஸை ஓட்டி வந்தவர் அவர்தான். அதிகாரி மறுபடியும் பதிவேட்டைப் புரட்டினார். முருகேசன் சொன்னார்: “சார், வண்டி நேரத்துக்குப் போச்சுன்னு எழுதியிருக்காங்க. அந்த வண்டியில நான்தான் இருந்தேன். ரோட்டுக் கரையிலயே நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தேன் சார்.” அதிகாரி பதிவேட்டை மூடி வைத்தார். அந்த வாரமே அனுமதிக் கடிதம் வந்தது. மில்காரர் இரும்பைக் கொடுத்தார். பாலிடெக்னிக் வெல்டிங் ஆசிரியர் மாணவர்களோடு வந்தார். வளர்மதி தெருவே ஜல்லி சுமந்தது. நானும் லீவை நீட்டிக்கொண்டு சுமந்தேன். பெரிய தெருவிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். பங்குனி முடிவதற்குள், ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் நடக்கும் அகலத்தில் பாலம் நின்றது.

திறக்கிற நாளில் பாலத்தின் முகப்பில் ஒரு ஃபிளெக்ஸ் தொங்கியது. ‘ஊர்ப் பெரியோர்களின் முயற்சியால்’. கீழே கைகூப்பியபடி என் தம்பி. பக்கத்தில் நின்றவரிடம் அரிவாளை வாங்கிக் கயிற்றை அறுத்தேன். கிழிக்கப் போனபோது வளர்மதி கையைப் பிடித்தாள். “கிழிக்காதடி. நல்ல ஷீட்டு. எங்க வீட்டுக் கூரை ஒழுகுது.” அன்று குமார் என் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டான். “பெரிய தெரு மானத்தை வாங்கிட்டக்கா. இனிமே இங்க வராத.” ஊரில் மிச்சமிருந்த நாட்களில் வளர்மதி வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

பெரிய தெருவில் பலர் இன்னமும் அந்தப் பாலத்தில் கால் வைப்பதில்லையாம். வளர்மதி சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தைக்கு ஊருக்குப் போவதற்காக நேற்று விசா விண்ணப்பத்தைத் திறந்தேன். நான் இப்போது நார்வே குடிமகள், பிறந்த ஊருக்குப் போகவும் விசா வேண்டும். இந்தியாவில் தங்கும் முகவரி என்ற கட்டத்தில் பழக்கத்தில் தம்பி வீட்டு எண்ணைத் தட்டினேன். அழித்தேன். வளர்மதியின் தெருப் பெயரைப் போட்டேன். கதவு எண் கேட்டது. அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் விடவில்லை. காலியான அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது.