ஆளுக்குப் பாதிச் சொற்கள்

முணுமுணு, வாளியில் ஒரு துணியை முக்கி எடுப்பதற்குள் ஓர் அரபுச் சொல்லை நாலைந்து தரம் சொல்லிவிடுகிறாள். பிழியும்போது அதன் பொருள். கொடியில் உதறிப் போடும்போது அதை வைத்து ஒரு வாக்கியம். மாணவியர் விடுதிக் குழாயடியில் தினமும் இந்தப் பாராயணம்தான். "துணியில அழுக்கு போகுதோ இல்லையோ, உனக்குத் தொண்டை போயிடும்" என்று பக்கத்து அறைக்காரி கிண்டல் செய்தால், "வாயைக் கட்டுனா எனக்கு மூளை ஓடாதுக்கா" என்பாள். 'முணுமுணு' என்ற பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான்.

அரபில் மூன்றெழுத்து வேர் ஒன்றிலிருந்து பிள்ளையும் பேரனுமாகச் சொற்கள் பெருகும். எழுதுவது, எழுத்தர், புத்தகம், நூலகம் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அரபுப் பட்டப்படிப்பின் முதலாண்டில் இவளும் அறைத்தோழி நெட்டையும் பாடத்துக்குப் பாடம் இந்தக் குடும்பங்களைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். "எழுத்துக் குடும்பம் எனக்கு, பறக்கற குடும்பம் உனக்கு. எதுக்குடி ரெண்டு பேரும் ஒண்ணையே கட்டிக்கிட்டு அழணும்?" ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்து வாசித்தால் எந்தப் பாடமும் தடங்கலில்லாமல் ஓடியது. ஒருத்தி விழித்தால் மற்றவள் எடுத்துக்கொடுப்பாள்.

ஒருநாள் பேராசிரியர் நெட்டையை எழுப்பி ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். அது இவளுடைய பாகம். நெட்டை திரும்பி இவளைப் பார்த்தாள். மெல்லச் சொல்லியிருக்கலாம். இவளோ கையைத் தூக்கிப் பதிலைச் சொன்னாள். அத்தோடு நில்லாமல், "அவ ஒழுங்காவே படிக்கறதில்ல சார்" என்றும் சொல்லிவைத்தாள். பாராட்டுக்கு ஆசைப்பட்ட வாய். வகுப்பே சிரித்தது. பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்? மறுநாளே நெட்டை கடைசி பெஞ்சுக்கும் வேறு அறைக்கும் போய்விட்டாள்.

இவள் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "நீ சொன்னது சரிதானேடி, பாதிதானே படிச்சேன்" என்றாள். "நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலைக்கா" என்று பக்கத்து அறைக்காரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள் இவள்.

அன்றிலிருந்து குழாயடியில் நெட்டையின் பாகத்தையும் தனியாகவே மனப்பாடம் செய்து முடித்துவிட்டாள். இரண்டாம் ஆண்டில் இப்போது யாருடைய தயவும் வேண்டாம். வேண்டாம் என்பதுதான் அவளுக்கு வலிக்கிறது.

நேற்று வாசிக்க எழுந்தாள். வரியின் நடுவே 'மத்பக்' என்று வந்தது. சமையலறை. நெட்டைக்குப் பிரித்துக் கொடுத்த சொல். இவளுக்கும் இப்போது தலைகீழ்ப் பாடம்.

"பொருள்?" என்றார் பேராசிரியர்.

வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். "எனக்குத் தெரியாது சார். அவளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சின் பக்கம் திரும்பி நின்றாள்.