மலை இழுத்த பந்து

செஞ்சியில் எங்கள் கிளப் மேஜையில் பந்தை மெல்லத் தட்டினால் கடைசிவரை நேராகப் போகாது. நிற்கப்போகிற நேரத்தில் மேற்கே ஒதுங்கும். ராஜகிரி மலை அந்தப் பக்கம் இருந்ததால், மலை இழுக்கிறது என்பார்கள். சொல்லிச் சிரித்ததோடு சரி, அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே ஏரி வேலை பார்க்கும் ஓவர்சியர். கல்யாணம் ஆகாதவன், மெஸ் சாப்பாடு, சாயங்காலம் போக வேறு இடம் கிடையாது. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன அந்த ஸ்னூக்கர் மேஜையில் ஒழுங்காக ஆடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் மேல்சித்தாமூர்க்காரன், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம் செய்யும் ஜைனக் குடும்பம், என் வயசுதான். மண்டி வேலை முடிந்ததும் சைக்கிளைக் கிளப் வாசலில் சாய்த்துவிட்டு வருவான். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் இல்லை. அதனால் ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும், வெயில் மஞ்சளானதும் கியூ கோலை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவான். நான் பந்துகளை அப்படியே விட்டு அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வேன். மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆடுவோம். பிறகு எத்தனையோ ஊருக்கு மாற்றலாகிப் போனேன். சாயங்காலமானால் வாசலில் சைக்கிள் சாய்கிற சத்தம் கேட்காதா என்று என் காது இன்னும் ஏங்குகிறது.

அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். மெட்ராஸில் ஆடிப் பழகிய கடலூர் அதிகாரி ஒருவர் ஒருமுறை வந்து அவனிடம் தோற்றார். பெரிய மனசுக்காரர், மெட்ராஸ் போட்டிக்கு அவன் பேரைத் தானே எழுதி அனுப்பினார். அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. அங்கே ஜெயித்தால் மல்லாட்டை மூட்டையை விட்டுவிட்டு மெட்ராஸிலேயே தங்கி ஆடுவேன் என்று நைனாவிடமே சொல்லிவிட்டான். ஒரே ஒரு தடவை போய்ப் பார் என்றாராம் அவர்.

அவன் போட்டிக்குக் கிளம்பவிருந்த வாரம் ஒரு மத்தியானம், மதகு வேலையில் மட்டம் பார்க்க எடுத்துப்போன ரசமட்டத்தை விளையாட்டாக மேஜைமேல் வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. மேற்குப் பக்கத்துக் கால் ஒன்று தளத்தில் இறங்கியிருந்தது. நாங்கள் இருவரும் வருஷக்கணக்காக அந்தச் சாய்வுக்குத் தகுந்தபடி ஒரு விரல் தள்ளியே குறிபார்த்துப் பழகியிருக்கிறோம். கடலூர்க்காரர் தோற்றதும் அதனால்தான். வேறு மேஜையையே பார்த்திராத என் சிநேகிதன், எல்லா மேஜையும் இப்படித்தான் என்று நினைத்திருந்தான்.

நான் அவனிடம் சொல்லவில்லை. ஜெயித்தால் திரும்பி வரமாட்டான் என்று பயம், அவ்வளவுதான். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மெட்ராஸில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினான். கியூவைத் தொடாமல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மலை இழுக்கும்னு தள்ளித் தள்ளி அடிச்சேன்டா. அங்க ஏது மலை? ஒரு பந்தும் குழில வுழல."

நான் டீ வரவழைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அதன்பின் பத்து நாள் அவன் வரவில்லை. ஒரு கொத்தனாரைப் பிடித்து, இறங்கிய காலுக்கடியில் தகடு வைத்து, மேஜையை மட்டமாக்கினேன். அடுத்த வருஷப் போட்டிக்கு இதில் பழகட்டும் என்று ஆள் சொல்லியனுப்பினேன்.

வந்தான். ஒரு சிவப்புப் பந்தை எடுத்துக் கையாலேயே உருட்டினான். அது நேராகப் போய் எதிர் விளிம்பில் தட்டி அவன் கைக்கே திரும்பியது. முகமெல்லாம் சிரிப்பு. எப்படிச் செய்தாய் என்று கேட்டான். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், சாய்வு தெரிந்தது என்று, முட்டாள் நான், பெருமையாகச் சொன்னேன்.

அவன் பந்தை உடனே கீழே வைக்கவில்லை.

"அந்த ரசமட்டம் எப்பவும் உன் பையிலதான இருக்குது?"

இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவன் பந்தை மெதுவாக மேஜையில் வைத்தான்.

"நேரமாச்சி. சாப்புடணும்" என்றான்.

சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. வெளியே வெயில் இன்னும் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது.