பாண் தின்னும் சிப்பாய்

1991 ஆடி. காலை ஆறரைக்குத் திருநெல்வேலிச் சந்தையடியிலிருந்து புறப்பட்டேன். போர்த்தடையில் பெற்றோலைக் கண்ணால் காணாத காலம்; ஆகவே வாடகைச் சைக்கிள், நாளுக்கு முப்பது ரூபாய். வல்வெட்டித்துறை ஏறக்குறைய பதினேழு மைல். கோப்பாய் வரை சைக்கிள் என்னைச் சுமந்தது. பிறகு எதிர்காற்றில் நான் அதைச் சுமந்தேன். மீன்கூடையோடு நடந்துபோன ஒரு பெண் என்னை முந்திக்கொண்டு போனாள்.

பத்தரைக்கு, ஊரெல்லையில் தேடிவந்த வீட்டு வளவை அடைந்தேன். அங்கே ஒல்லாந்தர் காலத்துச் சிப்பாய் ஒருவனின் கல்லறைக் கல் கிடப்பதாகக் கேள்வி. அதைப் படித்துச் சொன்னால் ஊர் வரலாற்றில் அடிக்குறிப்பாகவாவது நானும் இடம்பிடிக்கலாம் என்ற பேராசை.

ஆறடிக் கருங்கல். கடதாசி வைத்துக் கரியால் தேய்த்தேன். பெயர் உப்புக்காற்றில் கரைந்துபோயிருந்தது. ஒல்லாந்த மொழி தெரியாத எனக்கு அது பேருதவி. வயது மட்டும் மிஞ்சியிருந்தது: 19. தலைமாட்டில் ஒரு விளக்கு. அருகே ஒரு துண்டுப் பாண்.

“பாண் எதுக்கு அக்கா?”

“வெள்ளைக்காரன் சோறு தின்னுவானே?” என்றார் வீட்டுக்காரி செல்லம்மா. “வெள்ளிக்கிழமையிலை எங்கடை ஆக்கள் எப்பவும் பாண்தான் வைக்கிறது.”

பாண் சுடக் கோதுமை மா வராத நாட்கள். அந்தத் துண்டுக்காக விடியவே வரிசையில் நின்றிருக்கிறார்.

பக்கத்தில் கழுத்தளவு பதுங்குகுழிக்குள் நின்று மண் வெட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் கந்தையா தலையை நீட்டினார்.

“தம்பி, நீர் படிச்சனீர், சொல்லும். இதை மூடப் பனங்குத்தி காணாது. அந்தக் கல்லை மேலை போட்டால் ஆமி அடிக்கிற செல் விழுந்தாலும் தப்பலாம். இவள் விடுறாளில்லை. பேர் தெரியாதவனுக்காக நாங்கள் சாகிறதே?”

“அவனும் ஆரோ பெத்த பிள்ளை,” என்றார் செல்லம்மா. “எங்கடை மூத்தவன் எங்கை கிடக்கிறானெண்டு உங்களுக்குத் தெரியுமே? அவனுக்கு மேலை கிடக்கிறதை ஒருத்தன் பிடுங்கினால்?”

கந்தையா படித்தவனைப் பார்த்தார். படித்தவன் பாணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் மெல்ல மேலே ஏறினார். கோடரியை எடுத்துக்கொண்டு எல்லையில் நின்ற காய்க்கிற பனையடிக்குப் போனார்.

“கயித்தைப் பிடியும்.”

பனை சரியான இடத்தில் விழுந்தது. நான் வேலிக்குள் விழுந்தேன்.

“உமக்கும் சிப்பாய்க்குப் பக்கத்திலை ஒரு இடம் பாக்கட்டே?” என்று செல்லம்மா சிரித்தார்.

மூன்று மணிக்குப் புறப்படும்போது கல் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஊரைப் பிடிக்க வந்தவன் ஒருவனுக்கு, அவன் அரசாங்கமே மறந்துவிட்ட பிறகு, ஒரு வீடு காய்க்கிற பனையைக் கொடுத்திருக்கிறது. அதற்கு என்னிடம் அடிக்குறிப்பு இல்லை.

எங்கள் வீட்டுப் பதுங்குகுழியின் முதற்படியும் பழைய கல்தான். யாரோ வண்டியில் கொண்டுவந்து இறக்கியது. எங்கிருந்தென்று நான் கேட்டதேயில்லை. அன்று மாலை செல் விழத் தொடங்கியதும் எல்லோரும் அதை மிதித்து இறங்கினார்கள். நான் அதைத் தாண்டிக் குதித்து, அம்மாவின் மடியில் போய் விழுந்தேன்.