பஞ்சுக்கை

பேருந்து நிலையத்தில் தொற்றுநோய்ப் பரிசோதனைக் கவுண்டர்கள் மூன்று இருந்தாலும், விடுமுறைக்கு ஊர் திரும்பும் கூட்டம் நடுக் கவுண்டரில்தான் மொய்க்கும். மற்ற இரண்டிலும் ஈயோட்டிக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருப்பவளுக்குப் பயணிகள் வைத்த பெயர் பஞ்சுக்கை. மூக்கில் குச்சி போனதே தெரியாது. "அவ்ளோதானாம்மா?" என்று கண்ணைத் திறப்பார்கள். எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிற வேலையில் ஒருத்திக்கு மட்டும் பாராட்டு கிடைத்தால் தலைகால் புரியாமல்தான் போகும். அவளுக்கும் போயிற்று.

மேற்பார்வை நர்ஸ் மட்டும் முகம் சுளித்தாள். "உன் கவுண்டருக்கு மட்டும் நோயாளியே வர மாட்டேங்கறான். அதெப்படி? குச்சி நல்லா உள்ள போகணும்மா. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு வீட்ல ஆள் இல்லன்னு சொல்லக்கூடாது."

பொறாமை, வேறென்ன என்று பஞ்சுக்கை நினைத்துக்கொண்டாள்.

அந்த விடுமுறைக்கு வெளியூரில் வெல்டிங் வேலை பார்க்கும் தம்பி வந்தான். நெருப்புப் பொறிக்கு அஞ்சாதவன், ஊசியைக் கண்டால் நடுங்குவான். "அக்கா, பாத்துக்கா" என்று நாற்காலியில் ஒடுங்கினான். அவள் வழக்கத்தைவிட மெதுவாகத் தொட்டு எடுத்தாள். அட்டையில் ஒற்றைக் கோடு. நோய் இல்லை என்று அர்த்தம். "ஓடு, அப்பா காத்திட்டிருப்பாரு" என்றாள்.

அப்பாவுக்கு மாவு மில்லில் காலமெல்லாம் தூசி குடித்த நுரையீரல். மகன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், பக்கத்திலேயே படுத்தான். ஓரிரு நாளில் மகன் இருமினான், பிறகு அப்பா இருமினார். மகன் பிழைத்துக்கொண்டான். அப்பாவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து முகம் காட்டாமல்தான் கொடுத்தார்கள்.

அம்மா மூலையில் சுருண்டு கிடந்தாள். தம்பிதான் அக்காவைத் தேற்றினான். "நான் கொண்டு வரலக்கா. அதான் நீயே டெஸ்ட் எடுத்தியே. இங்க கடைகண்ணிக்குப் போன எடத்துல ஒட்டியிருக்கு. அத நெனச்சுதான் ராத்திரி கண்ண மூடறேன்."

"ஆமாடா" என்றாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, குச்சியை முதன்முறையாக முறைப்படி உள்ளே விட்டாள். அவள் கவுண்டரிலும் இரட்டைக் கோடுகள் விழ ஆரம்பித்தன. இத்தனை நாள் "ஒண்ணுமில்ல" என்று சிரித்து அனுப்பியவர்களில் எத்தனை பேர் வீட்டில் எத்தனை அப்பாக்கள்? அந்தக் கணக்கு யாருக்குத் தெரியும்? தம்பியிடம் சொன்னால் அவன் செத்துப்போவான். சொல்லாவிட்டால் இவள் தினமும் சாக வேண்டியதுதான். இவளே சாகட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த விடுமுறைக்குள் பஞ்சுக்கை என்ற பெயர் போய்விட்டது. "அந்தப் பொம்பளகிட்ட போகாதீங்க, மூளையையே குத்திடும்" என்று வரிசை ஒதுங்கிப் போனது. நர்ஸ் முதன்முறையாக அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த குச்சியைப் பிரித்தாள்.

தம்பி அவளிடமே வந்தான்.

"அந்தக் கவுண்டர்ல நல்லா எடுப்பாங்கடா. அங்க போயேன்."

"உன் கை இருக்கும்போது அங்க எதுக்கு?" என்று உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினான்.

மெதுவாகத் தொட்டு எடுத்துவிட்டால் போதும், அவன் தூக்கம் கெடாது. ஆனால் வீட்டில் அம்மா இருக்கிறாள். இவள் அவன் தாடையைப் பிடித்து, குச்சி தட்டும்வரை உள்ளே விட்டுச் சுழற்றினாள். அவன் நாற்காலியின் கையை இறுக்கினான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்னக்கா இது? போன தடவ வலிக்கவே இல்லையே."

அவள் குச்சியைக் குழாயில் முக்கினாள், அட்டையில் சொட்டு விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒற்றைக் கோடு தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போ" என்றாள்.

தம்பி எழுந்திருக்கவில்லை. அட்டையைப் பார்க்கவும் இல்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அப்பாவுக்கு... நான்தானாக்கா?"

"இல்லடா," என்றாள் அக்கா. "நான்தான்."